படர்தாமரைக்கு எண்ணெய் ஜெல் தடவலாமா?

கேள்வி: தொடையிடுக்கில் மூன்று மாதமாகப் படர்தாமரை. களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் மறுபடி வருகிறது. தாவர எண்ணெய்களில் பூஞ்சையைக் கொல்லும் ஜெல் தயாரிக்கிறார்களாமே? கற்றாழை ஜெல்லில் கிராம்பு எண்ணெய் கலந்து நானே தடவலாமா டாக்டர்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தொடையிடுக்குத் தோல் மெல்லியது, எப்போதும் ஈரம் கோத்திருக்கும் இடம். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்ற வேதிப்பொருள்; அடர்த்தி கூடினால் தோல் வெந்து புண்ணாகிவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். யூஜெனாலும், டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெயில் உள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருளும் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைக்கின்றன. ஆனால் ஆய்வகத் தட்டில் பூஞ்சை சாவது வேறு, தோலில் சாவது வேறு. படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று அங்கேயே வாழ்கிறது. எண்ணெய் ஆவியாகிப் போவதற்குள் அங்கே சேர வேண்டும், எரிச்சலும் தரக் கூடாது. ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர், எண்ணெய் அதில் கரையாது. வீட்டில் கலக்கினால் ஓரிடத்தில் ஒன்றுமே படாது, பக்கத்திலேயே சுத்த எண்ணெய் திட்டாக ஒட்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்து, பிரியாமல் ஜெல்லில் நிறுத்தப் பாடுபடுகிறார்கள். காற்றுபட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையை இன்னும் கிளப்பும் என்பதால், எத்தனை மாதம் கெடாமல் இருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. 2002-இல் வெளியான ஆய்வில், கால்விரல் இடுக்குப் பூஞ்சைக்கு 50 சதவீத டீ ட்ரீ கரைசல் பூசியவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை நீங்கியது. மருந்தில்லாத கரைசல் பூசியவர்களில் 31 சதவீதம். டீ ட்ரீ பூசிய சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை உண்டு. இன்றைக்கு உங்கள் தோலுக்கு மட்டும் அது போதாது.

சரி, ஏன் திரும்பி வருகிறது? முதலில் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், உள்ளே பூஞ்சையை வளர்க்கும். தோல் மருத்துவரிடம் அதையும் எடுத்துப் போங்கள். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு தந்தால், வளையத்துக்கு வெளியே இரண்டு செ.மீ. வரை தடவுங்கள், அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல், சொன்ன நாள் முழுக்கத் தடவுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலும் இது திரும்பத் திரும்ப வரும் என்பதால், இரத்தத்தில் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.