எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ்: இரண்டாவது விடை எங்கிருந்து வந்தது?

எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ் என்ற கணக்கில் இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்திருக்கிறீர்கள், 5 வந்திருக்கிறது. ஆனால் புத்தகத்தில் 0, 5 என்று இரண்டு விடை. வகுத்ததில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். வங்கித் தேர்வுக்குப் படிப்பதாகவும் சொல்லியிருப்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான்.

கைப்பேசியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறித் தட்டச் சோம்பலாக இருக்கிறது. எக்ஸ் வரும் இடத்தில் ‘ம’, ஒய் வரும் இடத்தில் ‘ப’ என்று போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ம² = 5ம. எந்த எண்ணையும் 0-ஆல் வகுக்கக் கூடாது என்பது தெரியும். ம என்ன என்று இன்னும் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம். அது 0 ஆகவும் இருக்கலாமே? ம-ஆல் வகுத்த அந்த வரியிலேயே ‘ம 0 இல்லை’ என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். 0 போட்டுப் பாருங்கள்: இடது பக்கம் 0, வலது பக்கம் 0. பொருந்துகிறது. பொருந்துகிற ஒரு விடையைத்தான் வகுத்துத் தொலைத்திருக்கிறீர்கள்.

வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள். ம² − 5ம = 0. பொதுவாக இருக்கும் ம-வை வெளியே எடுத்தால் ம(ம − 5) = 0. இரண்டு எண்களின் பெருக்கல் 0 என்றால் இரண்டில் ஒன்றாவது 0 ஆக இருந்தே தீர வேண்டும். ஆகவே ம = 0 அல்லது ம = 5. மாறிலி, அதாவது தனி எண், இல்லாத இருபடிச் சமன்பாட்டைப் பார்த்தவுடனேயே ஒரு விடை 0 என்று எழுதிவிடலாம்.

ஒரு விடை போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். வங்கித் தேர்வில் இரண்டு சமன்பாடு கொடுத்து ம பெரிதா, ப பெரிதா என்று கேட்பார்கள். முதலாவது ம² = 5ம, இரண்டாவது ப² − 5ப + 6 = 0 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் எண்கள் 2, 3. ஆகவே ப = 2 அல்லது 3. ம-வுக்கு 5 மட்டும் என்று நினைத்தால் ‘ம > ப’ என்று தைரியமாகக் குறித்துவிடுவீர்கள். 0 என்ற விடையும் இருப்பதால் சரியான பதில் ‘உறவைத் தீர்மானிக்க முடியாது’ என்பது. ஒரு மதிப்பெண் போவதோடு தவறான விடைக்குக் கால் மதிப்பெண்ணும் கழியும். கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த வழுக்குப்பாறை நன்றாகவே தெரியும்.

இதே விடை தொலைகிற இன்னொரு இடம் வர்க்கமூலம். ம² = 49 என்றால் ம = 7 அல்லது −7, ஏனென்றால் −7-ஐ −7-ஆல் பெருக்கினாலும் 49தான். ஆனால் கேள்வியிலேயே ம = √49 என்று கொடுத்திருந்தால் 7 மட்டும்தான், அந்தக் குறி நேர்மறை மூலத்தையே குறிக்கும். பயிற்சி மையங்களில் இதைத் தொண்டை கிழியச் சொல்வார்கள், அப்படியும் அவசரத்தில் கை தவறும்.

அடுத்து காரணிப்படுத்த எண்கள் சட்டென்று கிடைக்காத கணக்குகள். இருபடிச் சமன்பாட்டுக்கென்றே சூத்திரம் இருக்கிறது, போடலாம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்கிற பாரம் குறையும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி போட்ட கணக்கு இது: ம² + 10ம = 39.

ஒரு தாளில் பக்கம் ம உள்ள சதுரம் வரையுங்கள். அதன் பரப்பு ம². 10ம என்பதை 5ம, 5ம என்று இரண்டு பட்டையாக வெட்டி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கமும் மற்றதைக் கீழேயும் ஒட்டுங்கள். பெரிய சதுரம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, மூலையில் மட்டும் 5-க்கு 5 அளவில் ஒரு காலி இடம். அங்கே 25 வைத்தால் நிறைந்துவிடும். இந்தப் பக்கம் 25 வைத்தால் அந்தப் பக்கமும் வைக்க வேண்டும்: 39 + 25 = 64. பெரிய சதுரத்தின் பக்கம் ம + 5, ஆகவே (ம + 5)² = 64. பள்ளியில் வர்க்கப் பூர்த்தி முறை என்று படித்தது இதைத்தான். எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதையே செய்தால் சூத்திரம் வந்து நிற்கும்.

ம + 5 = 8 என்றால் ம = 3. அல் குவாரிஸ்மி அதோடு நிறுத்திக்கொண்டார். சதுரத்தின் பக்கம் என்பது நீளம், அதில் கழித்தல் குறிக்கு இடமில்லை. அவருக்கு முன்பே, 628-இல், நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கடன், சொத்து என்று சொல்லிக் கழித்தல் எண்களுக்கும் விதி எழுதியிருந்தார். நமக்கு ம + 5 = −8 என்பதும் வேண்டும், ம = −13. போட்டுப் பார்த்தால் 169 − 130 = 39, சரியாக வருகிறது.

இதைப் போட்டுப் பாருங்கள்: ம² = 64, ப² − 15ப + 56 = 0. உங்களுக்கு ‘ம ≥ ப’ என்று வந்தால் −8-ஐ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.