விதை இறங்காத குழந்தைக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: மகனுக்கு 7 மாதம். வலது பக்க விதை பையில் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். விதையே இல்லையா டாக்டர்?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. விதை வயிற்றுக்குள் இருந்தால் குடலில் உள்ள காற்று அதை மறைத்துவிடும்; அல்ட்ராசவுண்ட் அலை காற்றைத் தாண்டிப் போகாது. கைக்குத் தட்டுப்படாத விதைகளில் பாதியைக்கூட ஸ்கேன் சரியாகக் காட்டுவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. சில சமயம் நெறிகட்டியைக் காட்டி 'இதுதான் விதை' என்றும் ரிப்போர்ட் வரும். அதனால்தான் அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம், நிபுணரிடம் அனுப்பும் முன் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று 2014-லேயே சொல்லிவிட்டது.

ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நாங்கள் செய்யப்போவது ஒன்றுதான். மயக்கம் கொடுத்த பிறகு மறுபடி தொட்டுப் பார்ப்போம். தசை தளர்ந்ததும் சில விதைகள் கைக்குச் சிக்கும். சிக்காவிட்டால் தொப்புள் வழியாக லேப்ராஸ்கோபி. விதைக்குப் போகும் ரத்தக்குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேமராவில் நேராகவே பார்க்கலாம். விதை இருந்தால் அதே மயக்கத்தில் இறக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம். 6 மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அரிது. 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிடுவது நல்லது. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரை இப்போதே பாருங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுத்தால் தெரியுமா சார்?

பதில்: அதிலும் தவறிப்போவதுண்டு. கைக்குழந்தை அசையாமல் படுக்காது, மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். சரி, மயக்கம்தான் என்றால் அதை லேப்ராஸ்கோபிக்கே கொடுக்கலாமே.

கேள்வி: 4 வயதுப் பேரனைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டும்போது இரண்டும் பையில் இருக்கின்றன. ஸ்கேனில் மட்டும் ஒன்று மேலே இருக்கிறதாம்.

பதில்: ஜில்லென்று ஜெல்லைத் தடவினால் பயத்திலும் குளிரிலும் தசை சுருங்கி விதையை மேலே இழுத்துக்கொள்ளும், பாட்டியம்மா. சம்மணம் போட்டு உட்கார வைத்து, வெதுவெதுப்பான கையால் டாக்டர் கீழே கொண்டுவரட்டும். விட்ட பிறகும் பையிலேயே தங்கினால் ஆபரேஷன் வேண்டாம். ஆனால் வருடம் ஒருமுறை காட்டுங்கள். சிலருக்குப் பிறகு மேலேயே தங்கிவிடும்.

கேள்வி: தங்கைக்குக் குழந்தை பிறந்து 5 நாள். பையன் என்றார்கள். இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லை. ஸ்கேன் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடாது, இது வேறு விஷயம். அட்ரீனல் சுரப்பிக் கோளாறால் பெண் குழந்தையே வெளியே பையன் போலத் தெரியலாம். அப்படியானால் முதல் சில வாரங்களுக்குள் உடலில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். இங்கே கருப்பை இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் கட்டாயம் வேண்டும். கூடவே குரோமோசோம், ஹார்மோன், சோடியம், பொட்டாசியம் பரிசோதனைகளும். பால் குடிக்காமல் சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.