உபுண்டுவிலிருந்து மின்ட்டுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடிக்கிறோம். கடை லேப்டாப்பில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. அதற்கு இனி அப்டேட் வராது, மின்ட் என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறிவிடு அக்கா என்கிறான் தம்பி. மகளோ, ஸ்கூலில் இருக்கிற கைட் லினக்ஸையே போடும்மா என்கிறாள். மாற்றினால் இத்தனை வருஷ வேலையும் எழுத்துருக்களும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைப் போடலாம்?
வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி சொன்னது சரிதான். 2020 ஏப்ரலில் வந்த 20.04-க்கான ஐந்து வருட ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்காக நாளைக்கே மாற்ற வேண்டும் என்று இல்லை. உபுண்டு புரோ என்று ஒன்று இருக்கிறது, 5 கணினிகள் வரை இலவசம், பதிவு செய்துகொண்டால் பழைய 20.04-க்கே இன்னும் சில வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும். முதலில் அதைச் செய்துவிட்டு நிதானமாக இருங்கள். முகூர்த்த மாதத்தில் கடை லேப்டாப்பில் கை வைக்கவே வைக்காதீர்கள். கர்க்கடகத்தில் கல்யாண வேலை குறைவாகத்தானே இருக்கும், நமக்கும் அது ஆடி, அந்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கைட்டா மின்ட்டா என்றால், கடைக்கு மின்ட். கைட் க்னூ/லினக்ஸ் நல்ல முயற்சி, கேரளப் பள்ளிகள் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது பாடத்துக்காகத் தொகுத்தது. இப்போதுள்ளது உபுண்டு 22.04-இன் மேல் கட்டியது, அந்த 22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரைதான். மின்ட் 22 உபுண்டு 24.04-இன் மேல் நிற்பதால் 2029 வரை கவலையில்லை. வீட்டில் வேறு கணினி இருந்தால் மகளுக்கு அதில் கைட்டைப் போட்டுக் கொடுங்கள், ஸ்கூலில் பார்த்தது அப்படியே இருக்கும்.

இந்த மூன்றுமே டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்த ஒரே குடும்பம். இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் எதுவும் உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பார்க்க வேண்டியது எது எங்கே இருக்கிறது என்பதைத்தான். நம் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படி நம்பித்தான் ஒருமுறை பார்மட் செய்தேன், பிறகு பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்தால் வரி வரியாக வெறும் கட்டங்கள். எழுத்துருக்களை நான் எல்லாப் பயனருக்கும் பொதுவான, யுஎஸ்ஆர் என்பதன் கீழ் இருக்கும் ஷேர், அதற்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டிருந்தேன். அது ஹோமுக்கு வெளியே இருக்கிறது, பார்மட்டில் போய்விடும். உங்களுடைய பழைய தமிழ் எழுத்துருக்களில் சிலவற்றை இன்று தேடினாலும் கிடைக்காது, அதனால் அந்த ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள். மலையாளத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மீரா, ரச்சனா, மஞ்சரி எல்லாம் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும்.

ஹோமுக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். ஃபயர்பாக்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகள் மொசில்லா என்ற ஃபோல்டரில் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். (22.04-லிருந்து மாறுகிறவர்கள் கவனிக்க: அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனித் தொகுப்பாக வருவதால் அந்த ஃபோல்டர் ஸ்னாப் என்பதற்குள் ஒளிந்திருக்கும்.) தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவ வேண்டும், மலையாளமும் அதிலேயே வந்துவிடும்.

அப்புறம், கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்று: பழைய டிஸ்க்கை அழிக்கவே அழிக்காதீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு புது எஸ்எஸ்டி போட்டு அதில் மின்ட்டை நிறுவுங்கள். பழையதை யுஎஸ்பி கேஸில் போட்டு இணைத்தால் வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம், ஏதாவது கெட்டாலும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் கடை நிற்காது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரிண்டரில் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிரிண்டர் அதில் ஓடவில்லையென்றால், அதைச் சரி செய்யும் வழி தெரியும் வரை நிறுவாதீர்கள்.

கேள்வி: 32-பிட் உபுண்டு ஓடும் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. இனி எதற்கு மாறலாம்?
வாசகர், நகரி

பதில்: முதலில் டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பாருங்கள், பிராசஸர் எத்தனை பிட் என்று காட்டும். 32-பிட் உபுண்டு போட்டிருக்கும் பல இயந்திரங்களில் உள்ளே இருப்பது 64-பிட் பிராசஸர்தான். அப்படியென்றால் 64-பிட் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே போடலாம், 2 ஜிபி ராமாவது வேண்டும். உண்மையிலேயே 32-பிட் என்றால் உபுண்டுவும் அதன் மேல் கட்டிய மின்ட்டும் கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் அதற்கான இன்ஸ்டாலர் இல்லை. டெபியன் 12 போடுங்கள், அதைவிட இலேசாக வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ் 23.