கோன் பக்கத்துல நிக்கிற வேலை

அண்ணா வணக்கம்ங்க. ஜனவரில நம்ம கோயமுத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல நடக்குற ஃபார்முலா பாரத், அதாங்க காலேஜ் பசங்க தாங்களே ரேஸ் கார் செஞ்சு கொண்டாந்து ஓட்டுற போட்டி, அதுக்கு வாலன்டியரா போலாம்னு இருக்கேன். படிச்சது இசிஇ, இப்ப ஒரு பம்ப் கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், ரேஸ் கார் பக்கத்துல கூட நின்னதில்ல. லீவு போட்டுட்டுப் போயி வெயில்ல நிக்கப் போறியான்னு வீட்ல கேக்குறாங்க. அதோட என் அக்கா பையன் ஒரு காலேஜ் டீம்ல இருக்கான். நான் போறது சரிங்களா? நெஜமாவே எனக்கு அங்க வேலை இருக்கா, இல்ல சும்மா கூட்டத்துக்கு ஆளா?
எஸ்., பீளமேடு

அன்புள்ள எஸ்.,

போங்க, கண்டிப்பா போங்க. அக்கா பையன் விஷயத்த மொதல்ல முடிச்சிரலாம். பேர் குடுக்கும்போதே சொல்லிருங்க, இந்த டீம்ல என் சொந்தக்காரப் பையன் இருக்கான், அவங்க வண்டிய செக் பண்ற எடத்துலயும் டைம் எடுக்குற எடத்துலயும் என்னைப் போடாதீங்கன்னு. அவன்கிட்டயும் சொல்லிருங்க, போட்டி முடியிற வரைக்கும் மாமாவத் தேடி வராதன்னு. அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு ஆளான்னு கேட்டீங்கல்ல, அது எனக்குக் கொஞ்சம் வலிச்சுது. ஆட்டோகிராஸ்னு ஒரு ரவுண்ட எவ்வளவு வேகமா சுத்துறாங்கன்னு பாக்குற ஓட்டம், எண்டூரன்ஸ்னு நீண்ட தூர ஓட்டம், இந்த ரெண்டுலயும் வண்டி பாதையோரம் வெச்சிருக்குற பிளாஸ்டிக் கோன் ஒண்ணத் தட்டுனா 2 செகண்ட் கூட்டிருவாங்க, அது விழுந்துச்சா நகந்துச்சான்னு பாத்து வாக்கி டாக்கில சொல்றது அந்த வளைவுல நிக்கிற வாலன்டியர்தான். அந்தப் பசங்க ஒரு வருஷமா ஒர்க்‌ஷாப்லயே படுத்துக் கெடந்து, ஸ்பான்சருக்கு ஒவ்வொரு கம்பெனி வாசலா ஏறி எறங்கி, சேஸிஸ், அதாவது வண்டியோட எலும்புக்கூடு, அதுல வெல்டிங் சரியில்லன்னு வெட்டிப் போட்டு மறுபடி செஞ்சு கொண்டாந்த வண்டி அது, நீங்க அந்த நேரம் செல்ஃபோனப் பாத்துட்டு இருந்தா ஒண்ணு அவங்களுக்கு அநியாயம் இல்ல அடுத்த டீமுக்கு அநியாயம்.

நான் மொத தடவ போனப்ப வண்டிய சோதிக்கிற எடத்துல கைல ஸ்டாப்வாட்ச் குடுத்தாங்க. டிரைவர் சூட்டு, ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் போட்டு பெல்ட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும், சொன்ன உடனே ஸ்டியரிங்க கழட்டி 5 செகண்டுக்குள்ள வெளிய வந்துரணும். ஒரு உயரமான பையனுக்கு முழங்கால் சிக்கிக்கிச்சு, ஆறு செகண்டுக்கு மேல ஆயிருச்சு. கேப்டன் வந்து, சார் ஒரு செகண்ட்தானே, ரெண்டு நாள் ட்ரெயின்ல வந்திருக்கோம்னு கேட்டான். எனக்கு மனசு எளகிருச்சு, பக்கத்துல இருந்த சீனியர் ஒண்ணும் பேசல, அந்தப் பையனோட முதுகுக்குப் பின்னாடி இருந்த பெட்ரோல் டேங்க மட்டும் கையக் காட்டுனார். நான் ஆகாதுன்னு சொல்லிட்டேன். டென்ட்டுக்குப் பின்னாடி திரும்பத் திரும்ப ஏறி எறங்கிப் பழகிட்டு சாயங்காலம் வந்தாங்க, 5 செகண்டுக்குள்ள வந்துட்டான். அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் நான் எதுலயாவது பாஸானப்ப கூட இருந்ததில்ல.

இசிஇ படிச்சது வீணாப் போகாது. எலக்ட்ரிக் வண்டிங்களுக்கு மழை டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஹை வோல்டேஜ் ஆன்ல இருக்கும்போதே 120 செகண்ட் தண்ணி அடிப்பாங்க, நிறுத்துனதுக்கு அப்புறம் இன்னொரு 120 செகண்ட் பாப்பாங்க, கரண்ட் கசியுதான்னு கவனிக்கிற இன்சுலேஷன் மானிட்டர் ட்ரிப் ஆகக் கூடாது. பம்ப் டெஸ்டிங்ல இருக்குற உங்களுக்கு கரண்டும் தண்ணியும் சேந்தா என்னாகும்னு நான் சொல்லணுமா. ஆனா மொத வருஷமே பேட்டரி கிட்ட விடுங்கன்னு கேக்காதீங்க, தள்ளி நின்னு பாத்துக் கத்துக்கோங்க. ட்ராக்ல மட்டும்தான் வேலைன்னும் நெனைக்காதீங்க, மொத்தம் 1000 பாயிண்ட்ல டிசைனுக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, பிசினஸ் ப்ளானுக்கு 75 இருக்கு, அந்த ரூம்கள்ல டீம நேரத்துக்குக் கூப்பிட்டு உள்ள விடவும் ஆள் வேணும்.

கஷ்டமானது எண்டூரன்ஸ். சுமார் 22 கிலோமீட்டர், பாதில நிறுத்தி டிரைவர் மாறணும், அங்கதான் பல வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாம நின்னுரும். பசங்க மூஞ்சியப் பாக்க முடியாது, ஓடிப்போய்த் தள்ளிவிடலாமான்னு கை பரபரக்கும். தொடாதீங்க. வெளியாள் உதவி கூடாதுங்கறது ரூல். எல்லாம் முடிஞ்சப்புறம் தண்ணி பாட்டில் குடுங்க, எங்க நின்னுச்சுன்னு கேளுங்க, அவங்களே கொட்டித் தீத்துருவாங்க.

அந்த ட்ராக் கரிவரதன் பேர்ல இருக்குறது, ஃபார்முலா மாருதின்னு கம்மி செலவுல ரேஸ் கார் செஞ்சு காட்டுன நம்ம கோயமுத்தூர்க்காரர். காலேஜ் பசங்க தாங்களே செஞ்ச வண்டிய அங்க ஓட்டுறதப் பாக்குறப்பல்லாம் எனக்கு மனசு நெறஞ்சுரும்.

வீட்ல வெயில்னு சொல்றது உண்மைதான், அதனால தொப்பி, முழுக்கை காட்டன் சட்டை, மூடுன ஷூ, விடியக்காலைல குளுரும் அதுக்கு ஒரு ஸ்வெட்டர். ஸ்டாப்வாட்ச் உங்க கைக்கு வந்துச்சுன்னா மொத வண்டி வர்றதுக்கு முன்னாடி ஒரு பத்து தடவ வெறுமனே அமுக்கிப் பழகிக்கோங்க.