விளம்பரம் வந்தால் மட்டும் ஏன் இந்தச் சத்தம்?

கேள்வி: வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், விளம்பரம் வந்ததும் காது கிழிகிறது. ஓடிடிக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: விளம்பரம் எடுப்பவர்கள் வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். படத்தில் கிசுகிசுப்பும் உண்டு, வெடிச்சத்தமும் உண்டு. விளம்பரத்தில் அந்த ஏற்ற இறக்கத்தை அமுக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை உரக்கவே வைத்துவிடுகிறார்கள். அளவுகோலும் வேறு. நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வரும் படங்களில் வசனத்தின் சராசரி மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் அளவோ மைனஸ் 24. டிவிக்கு எடுத்த விளம்பரத்தை அப்படியே செருகினால் 3 டெசிபல் கூடுதலாகத்தான் ஒலிக்கும். விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஓடிடியைத் தொடவில்லை. கலிஃபோர்னியா மட்டும் 2025இல் தனிச்சட்டம் போட்டது. அமலுக்கு வரும் நாள் 2026 ஜூலை 1.

டிவியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது ‘ஆட்டோ வால்யூம்’ இருக்கும், போட்டுவிடுங்கள். வெடிச்சத்தத்தின் கம்பீரம் கொஞ்சம் போகும், வசனம் தெளியும். சவுண்ட்பார் இருந்தால் அதன் ரிமோட்டில் தேடுங்கள். ஒலி ‘பாஸ்த்ரூ’ முறையில், அதாவது டிவி கை வைக்காமல் அப்படியே சவுண்ட்பாருக்குப் போகும்போது, டிவியில் செய்த மாற்றம் எடுபடாது.

கேள்வி: ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் போட்டேன். இணையதளங்களில் விளம்பரம் போய்விட்டது, யூடியூபில் போகவில்லையே?

பதில்: போகாது. டிஎன்எஸ் என்பது இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித்தரும் சேவை. அது பார்ப்பது முகவரியை மட்டும். யூடியூப் விளம்பரமும் வீடியோவும் வருவது ஒரே முகவரிகளிலிருந்து. அடைத்தால் இரண்டும் நிற்கும். பல ஓடிடிகள் சர்வரிலேயே விளம்பரத்தைப் படத்தோடு தைத்து அனுப்புகின்றன. அதைப் பிரித்தெடுக்க டிஎன்எஸ்ஸுக்கு வழியில்லை. விளம்பர இடைவேளையில் திரை கறுப்பாகி நின்றால், முதலில் இந்தத் தடுப்பை நீக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே விளம்பரம் ஒரே படத்தில் ஐந்து முறை வருகிறது. ‘தனிப்பயன் விளம்பரம்’ என்பதை அணைத்தால் குறையுமா?

பதில்: எண்ணிக்கை குறையாது, திரும்பத் திரும்ப வருவது கூடவும் செய்யலாம். ஒருவருக்கு எத்தனை முறை காட்டினோம் என்ற கணக்கு பெரும்பாலும் கருவியின் விளம்பர அடையாள எண்ணை வைத்தே நடக்கிறது. அது மறைந்தால் கணக்கும் போச்சு. இடைவேளையை நான்கைந்து இடைத்தரகர்கள் விற்கும்போது ஒருவர் கணக்கு அடுத்தவருக்குத் தெரியாது என்பது இன்னொரு கூத்து. யூடியூபில் விளம்பரத்தின் மூன்று புள்ளி மெனுவில் அந்த விளம்பரத்தையே தடுக்க வழி உண்டு.

கேள்வி: விளம்பரமில்லாத சந்தாவிலும் கிரிக்கெட்டில் விளம்பரம் வருகிறதே?

பதில்: நேரலை விளையாட்டுக்குப் பெரும்பாலும் விலக்கு கிடையாது. திட்டத்தின் விதிமுறையில் ‘லைவ்’ என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.