அப்பாவுக்கு வகுப்பு எடுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஆன்லைனில் 'செல்வச் செழிப்பு மனநிலை' வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். தினமும் காலையில் நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்களை எழுதுகிறேன். நல்ல மாற்றம் தெரிகிறது. ஆனால் ஐந்து ஏக்கர் விவசாயியான அப்பா, எழுந்ததுமே 'தண்ணி வருமா, கட்டுப்படியாகுமா' என்று ஆரம்பித்துவிடுகிறார். அவருடைய பற்றாக்குறை மனநிலை எனக்கும் ஒட்டிக்கொள்கிறது. அவரை எப்படி மாற்றுவது? எழுதுவதற்கு எது நல்ல நேரம்?

— வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பி,

எழுத எல்லா நேரமும் நல்ல நேரம்தான். எழுதினால் தூக்கம் வருகிறது, கோபம் குறைகிறது என்றால் எழுதுங்கள். அதை விடுங்கள், அப்பாவுக்கு வருவோம்.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் காலையில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும் என்பது வேறு கணக்கு. சேர்ந்தால் குறுவை நெல்லும் உண்டு, இல்லாவிட்டால் அடுத்து வரும் சம்பா ஒரு போகத்தோடு சரி. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழையில் தார்ப்பாயைத் தூக்கி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு நெல் சூடேறிவிட்டதா என்று பார்க்கிற மனுஷரிடம் போய் 'பாசிட்டிவா யோசிங்கப்பா' என்பீர்களா? வகுப்புக்குக் கட்டிய பணமே அந்தக் குவியலிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேர். அதே ஆட்களுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கையைக் கடிக்கிற மாதங்களில் தடுமாறியவர்கள், அறுவடை முடிந்து பணம் வந்ததும் நன்றாகச் செய்தார்கள். மனம் மாறினால் பணம் வரும் என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இங்கே பணம் வந்ததும் மனம் தெளிந்திருக்கிறது.

செழிப்பு என்றாலே எனக்கு எங்கள் வீட்டுக் களம்தான் ஞாபகம். தூற்றிக் குவித்த நெல்லை, பொலியை, தாத்தா மரக்கால் என்ற படியால் அளப்பார். முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. வீட்டில் அரிசி தீர்ந்தாலும் தீர்ந்துபோச்சு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அவருக்கு எப்போதோ அத்துப்படி. வீட்டுக்கு அளக்கும்போது மரக்கால் கோபுரமாக நிற்கும். அறுத்தவர்களுக்குக் கூலி அளக்கும்போது அதே மரக்காலை உள்ளங்கையால் ஒரு வழி வழிப்பார். வழித்த நெல் திரும்பப் பொலியிலேயே விழும்.

அப்பாயி நேர்மாறு. 'இந்த வருஷம் ஒண்ணும் தேறாது' என்ற புலம்பலை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆட்கள் கிளம்பும்போது கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, முறத்தில் நெல்லை அள்ளி முந்தானையில் கொட்டுவதும் அவள்தான். கொட்டும்போதும் புலம்புவாள்! இந்த இரண்டு பேரில் யாருக்குப் பற்றாக்குறை மனநிலை, உங்கள் ஆசிரியரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஜனங்களில் 44 பேரை மிராசுதார்களும் அவர்கள் ஆட்களும் குடிசையோடு வைத்து எரித்தார்கள். எரித்தவர்களின் வீட்டு நெல் பத்தாயமெல்லாம் காலியாகவா கிடந்தது? நிறைவு பற்றி யார் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது அவர் அடுத்தவனுக்கு எப்படி அளக்கிறார் என்பதைத்தான். உங்கள் வகுப்பில் அதற்கு ஒரு பாடம்கூட இருக்காது.

அப்பாவை மாற்றுவது பற்றித்தானே கேட்டீர்கள். அவர் பாட்டுக்குப் புலம்பட்டும். நடவு முடிகிற அன்று சாயங்காலம் ஆட்களுக்கு அவர் கூலி கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையோடு கொடுத்துவிட்டால் அவரிடம் ஒரு கோளாறும் இல்லை. 'நாளைக்கு வா' என்கிறாரா, உடனே எனக்கு எழுதுங்கள். அவரைத் திட்டி நானே கடிதம் போடுகிறேன்.