சுவருக்குள் கேபிளா, பைப்பா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இரட்டை வீட்டில் ஒரு பாதி எங்களுடையது. முன்கூடத்தை இடித்துப் புதுப்பிக்கிறோம். டிவியைச் சுவரில் மாட்டி, சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைக்க ஆசை. கேபிளை அப்படியே வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரியா?
வாசகி, டர்பன்

பதில்: வேண்டாம்மா. இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் பூசினார்கள், ஐந்தாம் வருடம் புது டிவி வந்தபோது டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் பழைய எச்டிஎம்ஐ கேபிளில் 4கே என்கிற மிகத் துல்லியமான படம் நிற்கவில்லை, இழுத்துப் பார்த்தால் கேபிள் அசையவும் இல்லை, கடைசியில் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெயிண்ட் அடித்த சுவரை மறுபடி வெட்டினோம்.

சுவருக்குள் காலி பைப் போகட்டும். கரண்ட் வேலைக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பைப் இதற்குப் பத்தாது. எச்டிஎம்ஐ பிளக்கின் உலோக வாயே 14 மில்லிமீட்டர், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கோடு சேர்த்தால் 20 ஆகிவிடும். 32 மில்லிமீட்டர் போடுங்கள், கேபிள் அதிகமென்றால் பக்கத்தில் இன்னொன்று. அதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம், ஏனென்றால் உள்சுவர் பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் செங்கல்தான், மேலிருந்து கீழாக வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது. படுக்கை வாட்டில் நீளமாக வெட்டவே விடாதீர்கள், சுவரின் பலம் போய்விடும். ஸ்பீக்கர் ஒயரைச் சீலிங்குக்கு ஏற்றி, மேலாக ஓட்டி, அந்தப் பக்கம் இறக்குங்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரைத் தொடவே வேண்டாம்.

மூலையில் சட்டென்று திரும்பும் எல்போ இணைப்பு போட்டால் பிளக் அங்கேயே மாட்டிக்கொள்ளும், நீண்ட வளைவாகக் கேளுங்கள். பிறகு கேபிளைக் கட்டி இழுக்க வசதியாக, பூசுவதற்கு முன்பே உள்ளே நைலான் கயிறு விட்டு இரு முனையிலும் கட்டிவிடுங்கள்.

ஸ்பீக்கர் ஒயர் பத்து மீட்டர் வரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். அதற்கு மேலென்றால், முக்கியமாக 4 ஓம் ஸ்பீக்கரென்றால், 2.5 வாங்குங்கள். கடையிலேயே ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.

டிவியின் கரண்ட் ஒயரை இந்த பைப்பில் விடக்கூடாது. டிவிக்குப் பின்னால் தனி பாயிண்ட் வேண்டும், அதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டை விற்கும்போது கேட்பார்கள். கரண்ட் பைப்பும் இதுவும் ஒரு அடியாவது தள்ளி ஓடட்டும், குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்கோணமாக.

கேள்வி: புரொஜக்டருக்கு 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் போட்டேன். 4கே படம் விட்டு விட்டு வருகிறது.
வாசகர், பீனிக்ஸ்

பதில்: செம்புக் கேபிளுக்கு அந்தத் தூரம் அதிகம் தம்பி. ஒளியிழை வழியாகப் படம் அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, எந்த முனை படம் அனுப்பும் பெட்டிக்கு, எந்த முனை திரைக்கு என்று பிளக்கிலேயே எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படமே வராது. பைப்புக்குள் இழுப்பதற்கு முன் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் செருகி, ஒரு படம் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.